ஊக்கு குத்தின கிழிசல் சட்டையை பெரிய டிசைனர் விற்றால் அது திருட்டா?

மஞ்சள்நூல்:

கோயம்புத்தூரில் ஃபேஷன் டிசைன் படிக்கிறேன், மூன்றாம் வருடம். இந்த செமஸ்டரில் ஏதாவது ஒரு சப்கல்ச்சரை எடுத்துக்கொண்டு அதை வைத்து மூன்று உடைகள் செய்ய வேண்டும். நான் பங்க் எடுத்தேன், 1970களில் கோபமான ராக் இசையோடு இங்கிலாந்து, அமெரிக்க இளைஞர்களிடம் கிளம்பிய ஸ்டைல். பழைய கறுப்பு டாப் ஒன்றைக் கிழித்து, கிழித்த இடமெல்லாம் ஊக்கு குத்தினேன், மொத்தம் 64 ஊக்கு. வீட்டில் அட்டை அட்டையாக இருந்ததெல்லாம் காலி. மறுநாள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அம்மா சேலை மடிப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு "ஊக்கெல்லாம் எங்கடி போச்சு" என்று ஒவ்வொரு டிராயராக இழுத்துப் பார்த்தார். வேறு வழியில்லாமல் என் டாப்பிலிருந்தே நான்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ரிவ்யூவில் மூட் போர்டில் நான் ஒட்டியிருந்த ராம்ப் ஷோ படங்களைப் பார்த்துவிட்டு கூடப் படிக்கிற பையன் ஒருவன் எழுந்து, "காசில்லாத பசங்க கோபத்தில் போட்ட துணியை எடுத்து பணக்காரங்களுக்கு விற்கிறது திருட்டுதானே, அதையும் திரும்ப நீ காப்பி அடிக்கிறே" என்றான். மேடம் "எல்லாமே இன்ஸ்பிரேஷன்தான்" என்று சிரித்து முடித்துவிட்டார். எனக்கு இரண்டு பதிலும் ஒட்டவில்லை. இரண்டு வாரத்தில் வைவா. நிஜமாகவே என்ன நடந்தது, யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

பழையரெக்கார்ட்:

தங்கச்சி, உன் கூடப் படிக்கிற பையன் சொல்வதில் பாதி சரி. ஆனால் தெருவிலிருந்து திருடினார்கள் என்று சொல்வதற்கு முன்னால் பங்க் எந்தத் தெருவில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். லண்டன் பங்க் உருவம் எடுத்ததே ஒரு துணிக்கடையில்தான். 430, கிங்ஸ் ரோடு. 1971ல் மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் அங்கே 'லெட் இட் ராக்' என்று கடை ஆரம்பித்தார்கள், விற்றது 1950களின் டெடி பாய் உடுப்பு. வெஸ்ட்வுட் அதற்கு முன் ஆரம்பப் பள்ளி டீச்சர். 1974ல் அதே கடைக்கு 'செக்ஸ்' என்று பெயர் மாறியது, ரப்பரும் லெதரும் வந்தன. 1976 முடிகிற நேரத்தில் 'செடிஷனரீஸ்'. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவின் பெயருக்குள்ளேயே கடைப் பெயர் உட்கார்ந்திருக்கிறது, கவனித்தாயா? மெக்லாரன்தான் அவர்களுக்கு மேனேஜர், பேஸ் கிடார் வாசித்த கிளென் மாட்லாக் சனிக்கிழமைகளில் அந்தக் கடையில் வேலை பார்த்த பையன். அதாவது இசைக்குழுவே ஒரு வகையில் கடையின் விளம்பர பலகை. கடைக்காரர் விற்பதற்காகச் செய்ததை இன்னொரு கடைக்காரர் எடுத்து அதிக விலைக்கு விற்றால் அதை ஏழையிடமிருந்து திருடியது என்று எப்படிச் சொல்வது?

சரி, அப்படியானால் தெருவின் பங்களிப்பே இல்லையா என்றால் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அந்தக் கடையில் விலை குறைவில்லை. வாங்க முடியாத பசங்க வீட்டில் கிடைத்ததைக் கிழித்து, எழுதி, குத்திப் போட்டுக்கொண்டார்கள். 1975ல், பிறகு செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகரான ஜான் லைடன் அந்தக் கடைக்குள் வந்தபோது போட்டிருந்தது பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரபல ராக் குழுவின் டி-ஷர்ட், அதன் மேலே தன் கையால் 'ஐ ஹேட்' என்று எழுதியிருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் அவரைப் பாடச் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டு வார்த்தைதான், அதுவும் யாருக்கும் விற்க எழுதியது இல்லை. என்னைக் கேட்டால் மொத்த பங்க் உடுப்பிலும் அதை மிஞ்சிய டிசைன் கிடையாது.

இன்னொரு சங்கதி. கிழிந்த டி-ஷர்ட், குத்திட்டு நிற்கும் முடி, இதெல்லாம் நியூயார்க்கில் ரிச்சர்ட் ஹெல் என்கிற பாடகரிடம் ஏற்கெனவே இருந்தது. மெக்லாரன் 1975ல் நியூயார்க்கில் இருந்தபோது அவரைப் பார்த்து மயங்கி, ஊருக்குத் திரும்பியதும் அந்தத் தோற்றத்தைத் தன் பசங்களுக்குப் போட்டுவிட்டார். திருட்டு என்று எதையாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் நான் இதைச் சொல்வேன்.

அந்தக் கடை முதலில் விற்ற டெடி பாய் உடுப்பின் கதையைக் கேட்டால் தலை சுற்றும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு லண்டன் சாவில் ரோ தையல்காரர்கள் ஏழாம் எட்வர்ட் காலத்து நீளக் கோட்டுகளை மேல்தட்டு இளைஞர்களுக்காகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதைத் தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள் பார்த்து, கோட்டை இன்னும் நீட்டி, காலரில் வெல்வெட் வைத்து, தங்கள் உடுப்பாக்கிக்கொண்டார்கள். எட்வர்ட்தான் சுருங்கி 'டெடி' ஆனது, 1953ல் ஒரு பத்திரிகை வைத்த பெயர். பெரிய இடத்து ஆட்கள் உடனே அந்த ஸ்டைலைக் கைவிட்டார்கள், ரவுடிகளின் உடுப்பு ஆகிவிட்டதே! ஆக மேலே இருந்து கீழே வந்து, கிங்ஸ் ரோடு கடைக்குள் நுழைந்து, வேறு உருவத்தில் மறுபடி மேலே போயிருக்கிறது.

மேலே போன வேகத்தையும் பார். பங்க் செய்திகளில் வந்து ஒரு வருடம் ஆவதற்குள், 1977லேயே, லண்டன் டிசைனர் ஸாண்ட்ரா ரோட்ஸ் ஊக்கும் ஓட்டையும் சங்கிலியும் வைத்து ஒரு கலெக்ஷன் போட்டுவிட்டார். அதில் ஊக்குகளில் மணி பதித்திருந்தது, ஓட்டைகளின் ஓரத்தில் அழகாகத் தையல் ஓடியிருந்தது. உன் வேலைக்கு உபயோகமான இடம் இது. கிழிந்த துணி மேலும் பிரியாமல் பிடித்துக்கொள்ளத்தான் ஊக்கு. ஓரம் தைத்தாகிவிட்டால் ஊக்குக்கு அங்கே வேலை இல்லை, நகையாகிவிட்டது. 1994ல் லண்டனில் ஒரு சினிமா பிரீமியருக்கு நடிகை எலிசபெத் ஹர்லி போட்டு வந்த, இத்தாலிய டிசைனர் வெர்சாச்சேயின் கறுப்பு கவுன் இருக்கிறதே, பக்கவாட்டில் பெரிய பெரிய தங்க நிற ஊக்குகளோடு, அங்கே ஊக்கு திரும்பவும் வேலை செய்வது போல ஒரு பாவனை. 'கழன்றால் என்ன ஆகும்' என்று பார்க்கிறவர் யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். கோபம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. ஆனால் ஊக்குக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்த விதத்தில் வெர்சாச்சே கெட்டிக்காரர், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சும்மா_வந்தேன்:

64 ஊக்கு குத்தின டாப்பை எப்படித் துவைப்பது? அதை யாரும் கேட்கவில்லையே.

திருப்பூர்_கட்டிங்:

துவைப்பது பிறகு, முதலில் செய்வதைக் கேளுங்கள். நான் பின்னலாடை எக்ஸ்போர்ட்டில் மெர்ச்சண்டைசர், 11 வருடமாக. கிழிசல் சட்டை ஆர்டர் வருடத்துக்கு இரண்டு மூன்று வரும். ஊரில் எல்லாரும் நினைப்பது போல கத்தரியை எடுத்துக் கிழித்து அனுப்புவதில்லை. பையர் அனுப்புகிற டெக் பேக்கில், அதாவது எப்படித் தைக்க வேண்டும் என்கிற குறிப்பில், ஓட்டை எங்கே, எவ்வளவு என்று அளவே இருக்கும். நான் பார்த்த ஒன்றில் இடது தோள் தையலிலிருந்து 6 செ.மீ. கீழே 1.5 செ.மீ. ஓட்டை, கூடினாலும் குறைந்தாலும் 2 மி.மீ.க்குள். பின்னல் துணியில் ஒரு கண்ணி அறுந்தால் ஏணி மாதிரி ஓடிக்கொண்டே போகும், அதனால் ஓட்டை போட்ட உடனே சுற்றிலும் சின்னதாகத் தைத்து நிறுத்த வேண்டும். காலர் ஓரம் நைந்த மாதிரி தெரிய கிரைண்டிங், நிறம் மங்க என்சைம் வாஷ். ஒரு நல்ல டி-ஷர்ட் செய்வதை விட இதற்கு ஆள் கூலி அதிகம்.

இதில் நடந்த கூத்து என்னவென்றால், ஒரு லாட்டில் பையர் வைத்த, தரம் பார்க்கிற க்யூசி ஆள் கொஞ்சம் பீஸ்களை ரிஜெக்ட் செய்துவிட்டார். காரணம் ரிப்போர்ட்டில் எழுதியிருந்தது, 'ஹோல்'. ஓட்டைச் சட்டையில் ஓட்டை இருக்கிறதாம்! போய்ப் பார்த்தால் நாங்கள் போட்ட மூன்று ஓட்டை போக, நிட்டிங்கில் ஊசி உடைந்து விழுந்த நான்காவது ஓட்டை. எங்கள் செக்கிங் பெண்கள் எல்லாம் ஓட்டைகளுக்கு நடுவில் ஓட்டையைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஊக்கு பற்றி ஒன்று. கார்மெண்ட் ஃபேக்டரிக்குள் தளத்தில் ஊக்கு கூடாது. உடைந்த தையல் ஊசி ஒரு துண்டு கூட டிரஸ்ஸுக்குள் போய்விடக் கூடாது என்று எல்லா பீஸையும் நீடில் டிடெக்டரில் விட்டு எடுப்போம், இரும்பு இருந்தால் கத்தும். அதனால் ஊக்கு வைத்த டிசைன் வந்தால் பித்தளை ஊக்குதான் வாங்குவோம், அது கத்தாது. கலகம் செய்கிற சட்டை மெஷினிடம் சத்தமில்லாமல் பாஸ் ஆகிப் போகும்.

சிரிப்பாக எழுதிவிட்டேன், சிரிக்க முடியாததும் இருக்கிறது. ஜீன்ஸைப் பழசு போலக் காட்ட மணலை வேகமாக அடிப்பார்கள், சாண்ட்பிளாஸ்டிங். துருக்கியில் அந்த வேலை பார்த்த பையன்களுக்கு நுரையீரலில் சிலிக்கா தூசி சேர்ந்து சிலிகோசிஸ் வந்து செத்துப்போனார்கள். 2009ல்தான் அங்கே அதைத் தடை செய்தார்கள். உன் கிளாஸ்மேட் திருட்டு என்று எதைத் தேடுகிறானோ அது ராம்ப் படத்தில் கிடைக்காது தங்கச்சி, இந்த மாதிரி இடத்தில் கிடைக்கும்.

ஃபிளானல்சட்டை:

பங்க் பக்கம் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நான் கிரஞ்ச் பற்றிச் சொல்கிறேன் (அமெரிக்காவில் சியாட்டில் ஊரிலிருந்து கிளம்பிய ராக் இசை, அதன் உடுப்பு), ஏனென்றால் அதில் டிசைனரே அடி வாங்கினார்.

சியாட்டில் ஊரில் குளிர், ஈரம், சும்மா தூறிக்கொண்டே இருக்கும். மரம் வெட்டுகிறவர்கள் போடும் கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை பழைய துணிக்கடையில் மலிவாகக் கிடைத்தது, இசைக்குழுப் பையன்கள் வாங்கிப் போட்டார்கள். ஸ்டைல் என்று அதற்குப் பெயரே கிடையாது. 1992 நவம்பரில் மார்க் ஜேகப்ஸ், அப்போது பெர்ரி எல்லிஸ் கம்பெனிக்கு டிசைனர், இதை ராம்பில் ஏற்றினார். நியூயார்க் செயின்ட் மார்க்ஸ் பிளேஸில் 2 டாலருக்கு ஒரு ஃபிளானல் சட்டை வாங்கி, அதை இத்தாலிக்கு அனுப்பி, அதே கட்டத்தைப் பட்டில் செய்து தரச் சொன்னார். தொட்டால்தான் பட்டு என்று தெரியும், தூரத்திலிருந்து பார்த்தால் அதே அழுக்குச் சட்டை. பத்திரிகைக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். ஃபேஷன் விமர்சகர் சூஸி மென்கஸ் 'கிரஞ்ச் கண்ணறாவி' என்கிற அர்த்தத்தில் பேட்ஜே அடித்து விநியோகித்தார். சில மாதத்தில் ஜேகப்ஸுக்கு வேலை போனது. இதில் வேடிக்கை, 1992க்கான சிறந்த பெண்கள் உடை டிசைனர் என்ற அமெரிக்க ஃபேஷன் டிசைனர்கள் கவுன்சில் விருதும் அவருக்கேதான்.

அந்த உடுப்புகளில் கொஞ்சத்தை சியாட்டில் இசைக்காரர்களான கர்ட் கோபேனுக்கும் அவர் மனைவி கோர்ட்னி லவ்வுக்கும் அன்பளிப்பாக அனுப்பியிருக்கிறார். அதை என்ன செய்தார்கள் என்று 2010ல் லவ்வே பேட்டியில் சொன்னார்: கொளுத்திவிட்டார்களாம். அப்புறம் 2018ல் ஜேகப்ஸ் அதே கலெக்ஷனை அப்படியே மறுபடி தைத்து விற்றார், 25 வருடத்தில் கண்ணறாவி கிளாசிக் ஆகிவிட்டது.

அதே 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் 'கிரஞ்ச் மொழி' என்று ஒரு அகராதியே போட்டது. சியாட்டில் ரெக்கார்ட் கம்பெனியில் முன்பு ரிசப்ஷனிஸ்டாக இருந்த மேகன் ஜாஸ்பர் என்ற பெண்ணிடம் போனில் கேட்டிருக்கிறார்கள், அவர் வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். பழைய கிழிந்த ஜீன்ஸுக்கு 'வேக் ஸ்லாக்ஸ்' என்று பெயராம். முழுக்க ரீல். அப்படியே அச்சில் வந்தது. மேலே இருப்பவர்கள் அவ்வளவு அவசரமாகக் கீழே குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கணக்குப்புள்ள:

எல்லாரும் சுவாரசியமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மேலே கீழே என்று இரண்டு பக்கமும் எடுத்தார்கள், அதனால் சமம் என்கிற மாதிரி ஒரு வாசனை வருகிறது பாருங்கள், அதை நான் ஏற்கவில்லை. யார் எடுத்தார்கள் என்பதை விட, எடுத்தபோது யார் வீட்டுக்கு வக்கீல் வந்தார் என்று கேளுங்கள்.

நியூயார்க்கில் கறுப்பின மக்களின் பகுதியான ஹார்லமில் டாப்பர் டேன் என்று ஒரு தையல் கலைஞர். 1982ல் 125வது தெருவில் கடை. குச்சி (Gucci), ஃபெண்டி, லூயி வித்தோன் என்கிற விலை உயர்ந்த ஃபேஷன் கம்பெனிகளின் லோகோக்களைத் தானே லெதரில் அச்சடித்து, அந்தக் கம்பெனிகள் கனவிலும் நினைக்காத ஜாக்கெட்டுகளைச் செய்தார். ராப் பாடகர்களும் குத்துச்சண்டை வீரர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். லோகோ அவருடையது இல்லை, உண்மைதான், சட்டப்படி தப்பு. கம்பெனிகள் ரெய்டு மேல் ரெய்டு விட்டன. அதில் ஃபெண்டி தரப்பு வக்கீலாக வந்தவர் சோனியா சோட்டோமயோர், 2009ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானாரே, அவரேதான். 1992ல் கடை மூடியாயிற்று.

2017 மே மாதம் குச்சி ஃபிளாரன்ஸில் ஒரு ஷோ நடத்தியது. அதில் பலூன் மாதிரி ஊதின கைகளோடு ஒரு ஃபர் ஜாக்கெட், கை முழுக்க லோகோ. 1989ல் ஒலிம்பிக் ஓட்டக்காரி டயேன் டிக்ஸனுக்கு டேன் தைத்துக் கொடுத்த அதே ஜாக்கெட், லூயி வித்தோன் எழுத்து இருந்த இடத்தில் குச்சி எழுத்து, அவ்வளவுதான் மாற்றம். இணையத்தில் சத்தம் கிளம்பியதும் 'இது அவருக்குச் செய்த மரியாதை' என்றார்கள். சத்தம் ஓயாமல் போகவே அவரோடு ஒப்பந்தம் போட்டு, 2018ல் ஹார்லமில் குச்சி துணி சப்ளையோடு அவருக்குத் தனி தையலகமே திறந்தது. நல்ல முடிவுதான். ஆனால் நடுவில் போன 25 வருடத்துக்கு யார் கணக்குக் கொடுப்பது? அவன் எடுத்தால் போலி, இவன் எடுத்தால் மரியாதை.

பழையரெக்கார்ட்:

கணக்குப்புள்ள சொல்வது நியாயம், நான் அந்த இடத்தைத் தொடாமல் போனது தப்புதான். டேன் கதைக்குக் கிங்ஸ் ரோடு கதை சமமே இல்லை, வெஸ்ட்வுட்டுக்கு 2006ல் பிரிட்டனின் அரச கௌரவமான 'டேம்' பட்டமே கொடுத்தார்கள்.

விட்டுப்போனது ஒன்று. 2013ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பங்க் ஃபேஷன் கண்காட்சி வைத்தபோது, பங்க் குழுக்கள் வாசித்த சிபிஜிபி என்ற நியூயார்க் கிளப்பின் நாறின கழிவறையை, சுவர்க் கிறுக்கல் உட்பட, அப்படியே கட்டி வைத்தார்கள். நாற்றம் மட்டும் இல்லை. 2016ல் வெஸ்ட்வுட்டுக்கும் மெக்லாரனுக்கும் பிறந்த மகன் ஜோ கொரே, தன்னிடமிருந்த பங்க் உடுப்பையும் பொருட்களையும் தேம்ஸ் நதியில் படகில் வைத்துக் கொளுத்தினார், மதிப்பு 50 லட்சம் பவுண்டு என்று அவரே சொன்னார். பங்க் செத்துப்போய் மியூசியம் சாமான் ஆகிவிட்டது என்பது அவர் வாதம். கொளுத்துவதற்கு முன்னால் விலையைச் சொன்னார் பார், கடைக்காரர் பிள்ளை!

மிச்சம்_லண்டன்:

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தெற்கு லண்டனில வளர்ந்தனான், எழுத்தில கொஞ்சம் ஊர்ப் பேச்சு வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. கணக்குப்புள்ள அண்ணை சொன்ன போலிக் கதைக்கு எங்கட பக்கத்தில ஒரு வால் இருக்கு.

90களில இங்க தெருச்சந்தையில வெர்சாச்சே எண்டு சொல்லி விக்கிற உடுப்பு எல்லாம் கள்ள உடுப்புத்தான். பளபளக்கிற சட்டை, தங்கக் கோலம், வெர்சாச்சே லோகோவில இருக்கிற மெடூசா தலை கொஞ்சம் கோணலா இருக்கும். எங்கட மாமா ஒருத்தர் அப்பிடி ஒரு சட்டையைத்தான் கலியாண வீடு, சாமத்திய வீடு எல்லாத்துக்கும் போடுவார், கழுவக் கழுவ மெடூசாவுக்கு ஒரு கண் போய்விட்டது. அவருக்கு அது கள்ளச் சாமான் எண்டு வெக்கம் இல்லை, நல்ல சட்டை, அவ்வளவுதான்.

பாடகி எம்.ஐ.ஏ., எங்கட மாயா அருள்பிரகாசம், அகதியா வந்து இந்தப் பக்கத்தில வளர்ந்தவ, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில படிச்சவ. 2013ல வெர்சாச்சே தங்கட பழைய டிசைன்களை வைச்சு ஏதும் செய்து தரச் சொல்லிக் கேட்டபோது, அதை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு சந்தையில வித்த கள்ள வெர்சாச்சேகளை எடுத்து டிசைன் செய்தா. வெர்சஸ் எண்ட அவையின்ர மற்ற லேபிளில அது வெளிவந்தது. அசல் கம்பெனி, தன்ர போலியைப் பாத்து, அதின்ர பிரதியைச் செய்து, அசல் எண்டு வித்தது! மாமாவின்ர சட்டையை வைச்சிருந்திருந்தா நல்ல விலைக்குப் போயிருக்கும், மாமி அதை எப்பவோ நிலம் துடைக்க எடுத்திட்டா.

மஞ்சள்நூல்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, பாதி ராத்திரி உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன்.

திருட்டா இல்லையா என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மூட் போர்டில் ராம்ப் படங்களை எடுத்துவிட்டு, லைடன் எழுதின அந்த டி-ஷர்ட்டையும், டயேன் டிக்ஸனுக்கு டேன் தைத்த ஜாக்கெட், குச்சி ஜாக்கெட் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டப் போகிறேன், 1989, 2017 என்று வருடம் மட்டும் போட்டு. கிளாஸ்மேட்டும் பார்க்கட்டும், மேடமும் பார்க்கட்டும்.

டாப்பில் ஒரு சிக்கல். பழையரெக்கார்ட் அண்ணா சொன்ன பிறகு எடுத்துப் பார்த்தால், கிழிசல் ஓரத்தை எல்லாம் நான் முதலிலேயே பிகோ அடித்திருக்கிறேன், பிரிந்துவிடுமே என்ற பயத்தில். என் 64 ஊக்கும் சும்மாதான் தொங்குகிறது. ஓரத்தைப் பிரித்துவிட்டால் துணி தாங்குமா?

திருப்பூர்_கட்டிங்:

நெய்த துணியா, பின்னல் துணியா என்று பார். நெய்தது என்றால் தைரியமாகப் பிரித்துவிடு, கொஞ்சம் நூல் நூலாகத் தொங்கும், ஊக்கு பிடித்துக்கொள்ளும். ஊக்கை விளிம்புக்கு ஒட்டிக் குத்தாதே, ஒரு செ.மீ. உள்ளே தள்ளிக் குத்து, இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு வந்துவிடும். பின்னல் என்றால் ஊக்குகளை நெருக்கமாகக் குத்து, விட்ட இடத்தில் ஓடும். சும்மா_வந்தேன் கேட்டதற்கும் பதில்: ஊக்கோடு துவைக்கவே துவைக்காதே, சாதா ஊக்கு இரண்டே அலசலில் துருப்பிடித்து, கறுப்புத் துணியிலும் செம்பழுப்பாகக் கறை தெரியும். முலாம் நல்லதாகப் பார்த்து வாங்கு.

ஆமாம், 64 என்கிறாயே, அம்மாவுக்குக் கொடுத்த நான்கு?

மஞ்சள்நூல்:

நெய்த துணிதான். 60 ஊக்குதான் இருக்கிறது. அந்த நான்கும் அம்மா வளையலில் ஏறிவிட்டது, இனி வராது.

இன்று காலை ஓரம் பிரிக்க ஆரம்பித்தேன். ஊக்கு இல்லாத அந்த நான்கு இடமும் உடனே வாயைப் பிளந்துகொண்டது. அப்படியே விட்டிருக்கிறேன்.